தாலி மட்டும் போதுமா?

"அப்பா மலேசியர்னா பிள்ளையும் மலேசியர்தானே?" நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை, நண்பர்களே. 2021 மே 28-இல் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். 2010-இல் பிள்ளை பிலிப்பீன்ஸில் பிறந்தது. பெற்றோரின் திருமணம் ஐந்து மாதம் கழித்துத்தான் நடந்தது. பெற்ற தகப்பன் யார் என்பதில் சர்ச்சை இல்லை. ஆனாலும் ஏழு நீதிபதிகளில் நால்வர், பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்றார்கள்.

காரணம், அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ள 17-ஆவது பிரிவு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால், சட்டத்தில் "தகப்பன்" என்று இருக்கும் இடத்தைத் "தாய்" என்று படிக்க வேண்டுமாம். தாய் வெளிநாட்டவர், கதை முடிந்தது.

சரி, அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சே? பெற்றோர் பின்னால் மணந்தால், 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்குச் சட்டப்பூர்வத் தகுதி தருகிறது. ஆனால் திருமண நாளிலிருந்துதான். குடியுரிமைக்குப் பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு. எங்கள் இன்ஜினியரிங் பாடத்தில் இனிஷியல் கண்டிஷன் என்போம்: பின்னால் எந்த இன்புட் கொடுத்தாலும் தொடக்க மதிப்பு மாறாது. மெஷினுக்கு அது பொருந்தும். பெற்றோரின் கல்யாணத் தேதியைப் பிள்ளையா குறித்தது? தலைமை நீதிபதி தெங்கு மைமுன் உட்பட மூவர் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இது நமக்கு எங்கே வருகிறது? 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். கோவிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டு, "ரெஜிஸ்டர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. மணமகள் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் அந்த "அப்புறம்" ஆபத்தானது. பிள்ளை கிள்ளான் மருத்துவமனையிலேயே பிறந்தாலும் அதே 17-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இத்தனைக்கும் சில கோவில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார்!

கலந்துரையாட ஒரு கேள்வி: உங்கள் அண்ணன் இப்படித் தள்ளிப்போட்டால், வீட்டில் யார், எப்படி எடுத்துச் சொல்வது?