ஆண்டில் ஒரு நாள் திறக்கும் கோயில்

(தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்)

யூன் மாதத்தில் சுவீடன் மக்கள் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நாட்டி, தவளைபோலத் துள்ளி ஆடுவதை எங்கள் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 1953 முதல் அந்தக் கொண்டாட்டம் யூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையில் நடைபெறுகிறது. "எங்களுக்கும் இப்படி ஒரு கோடை விழா இருக்கிறதா, ரீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கிறது. அவர்கள் நீண்ட பகலைக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் சித்திரை மாத முழுநிலவைக் கொண்டாடுகிறோம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலையில், 1,300 மீற்றருக்கு மேலான உயரத்தில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. கற்கள் சரிந்து சிதைந்த பழங்கோயில். சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டுமே மக்கள் அங்கே போகலாம். கேரளத்தார் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவார்கள். தமிழ்நாட்டார் பலர் கூடலூருக்கு அருகிலுள்ள பளியங்குடியிலிருந்து 6 கிலோமீற்றருக்கு மேல் மலை ஏறி நடந்து வருவார்கள். பூசையும் இரு மாநில முறைப்படியும் நடக்கும். மாலையில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

ஏன் ஒரே நாள்? ஒன்று, அது பெரியாறு புலிகள் காப்பகக் காடு. மற்றது, கோயில் யாருடைய எல்லையில் என்று இரு மாநிலங்களுக்கும் நெடுங்காலமாக இருக்கும் பிணக்கு. ஆண்டுதோறும் இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசித்தான் விழா நடக்கிறது. நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் கோயிலுக்கே வழக்கு! கோயிலோ அதற்குள் இடிந்துகொண்டிருக்கிறது.

மதுரையை விட்டு வந்த கண்ணகி மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்றும், பதினான்காம் நாள் கோவலனுடன் விண்ணுலகு சென்றாள் என்றும் சிலப்பதிகாரம் கூறும். அந்த இடம் இதுவே என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் எடுத்துக்காட்டினார். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். வேங்கை என்றால் பொன்னிறப் பூப் பூக்கும் மரம். புலிக்கும் அதே பெயர். அவள் நின்றது வேங்கை நிழலில். இன்று அந்த மலையைக் காப்பதும் வேங்கைக் காடு.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் வந்திருந்தான் என்கிறது அதே நூல். மட்டக்களப்பில் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நடப்பது பலருக்கு நினைவிருக்கும். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிக்கும் சடங்கு அது.

அடுத்த வகுப்புக்கு: ஊரில் குளிர்த்தி எப்படி நடந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டு, பத்து வரி எழுதி வாருங்கள். தொலைபேசியிலும் கேட்கலாம்.