முதலில் ஏறுவது யார்?
விமான வாசலில் நிற்கும் வரிசைகளைப் பற்றிச் சில விளக்கங்கள்

கனடாவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஒரு முறையாவது விமானம் ஏறிய பெற்றோர் இன்று நம் குடும்பங்களில் அநேகர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், விமான நிலையத்தின் கடைசி வாசலில் நடப்பதை அப்படியே சொல்வார்கள். கண்ணாடிக்கு அப்பால் விமானம் நிற்கிறது. உங்கள் ஆசனத்தின் இலக்கம் கையிலுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வேறொருவர் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. அப்படியிருந்தும் அழைப்பு வருமுன்னரே சனம் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்பு ஒலிபெருக்கியில், முதலில் இன்னார் வரலாம், அடுத்து இன்னார் வரலாம் என்று குழுக் குழுவாகக் கூப்பிடுகிறார்கள். உங்கள் முறை வரும்போது பாதி விமானம் நிறைந்துவிடுகிறது.

இந்த ஒழுங்கை யார், எதற்காக வகுக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால் சில வேளைகளில் வீண் செலவைத் தவிர்க்கலாம். நடக்க முடியாத தாய் தந்தையருக்கு உரிய உதவியை முறையாகக் கேட்டுப் பெறவும் முடியும். இந்த வரிசைகள் மிகவும் விரிந்து வளர்ந்த இடம் ஐக்கிய அமெரிக்கா. ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பத்து நிமிடத்தில் திரும்பிய விமானம்

ரெக்சாஸ் மாநிலத்தில் 1971 யூன் மாதத்தில் சவுத்வெஸ்ற் என்ற சிறிய விமானக் கம்பனி பறக்கத் தொடங்கியது. டலஸ், ஹியூஸ்ரன், சான் அன்ரோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே அதன் சேவை நடந்தது. மறு வருடமே பணமுடை. கையிலிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றார்கள். ஆனால் நான்கு விமானங்களின் நேரசூசியை மூன்றைக் கொண்டே ஓட்டத் தீர்மானித்தார்கள். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. இறங்கிய விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றி, மறுபடியும் புறப்பட வேண்டும். விமானம் தரையில் நிற்கும்போது உழைக்காது என்பது எல்லாக் கம்பனிகளுக்கும் தெரிந்த உண்மைதான். சவுத்வெஸ்ற் அதை வயிற்றுப்பாட்டால் கற்றுக்கொண்டது.

அங்கே ஆசன இலக்கம் என்பதே கிடையாது. முந்தி வந்தவருக்கு இலக்கமிட்ட பிளாஸ்ரிக் அட்டை ஒன்று கொடுப்பார்கள். ஏறும்போது அதைத் திரும்ப வாங்கி, அடுத்த விமானத்துக்குப் பயன்படுத்துவார்கள். உள்ளே போனவர் விரும்பிய இடத்தில் இருக்கலாம். பஸ்ஸில் ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பிளாஸ்ரிக் அட்டை போய், ஏ, பி, சி என்று மூன்று குழுக்கள் வந்தன. குழுவுக்குள் இலக்கம் இல்லாததால், நல்ல ஆசனம் வேண்டியவர்கள் நேரகாலத்தோடு வந்து வாசலருகே வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் போக்க, 2007 நவம்பரில் ஒவ்வொரு பிரயாணிக்கும் ஏ 1, ஏ 2 என்ற முறையில் இலக்கம் கொடுத்து, வாசலில் இலக்கமிட்ட கம்பங்களையும் நட்டார்கள். ஏ குழுவுக்கும் பி குழுவுக்கும் இடையில், சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு இடம் விட்டார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இலக்கம் கொடுத்த பின்னர் அந்த இலக்கத்துக்கு ஒரு விலை வந்தது. விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் முதலில் பதிவு செய்பவருக்கே சிறிய இலக்கம் என்பதால், மக்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கணனிக்கு முன்னால் இருந்தார்கள். 2009இல் கம்பனி அதற்கு ஒரு பரிகாரம் சொன்னது. பத்து டொலர் கட்டினால் உங்களுக்காக நாங்களே முந்திப் பதிவு செய்துவிடுகிறோம்! நல்ல இடத்துக்கு முந்தி வருவது ஒரு காலத்தில் பொறுமை உள்ளவரின் உரிமையாயிருந்தது. அது இப்போது காசுள்ளவரின் உரிமையாகத் தொடங்கியது. பெட்டிகளைக் கட்டணமின்றிக் கொண்டுபோகும் சலுகையை 2025 மே 28ஆம் திகதியோடு பெரும்பாலான பிரயாணிகளுக்கு நிறுத்தினார்கள். விரும்பிய இடத்தில் இருக்கும் அரை நூற்றாண்டுப் பழக்கமும் 2026 ஜனவரி 27ஆம் திகதியோடு முடிவுற்றது. இப்போது அங்கும் ஆசன இலக்கமும் ஏறும் குழுக்களுமே.

விஞ்ஞானி சொன்ன வழி

ஆட்களை விரைவாக ஏற்றுவதே நோக்கமானால், எப்படி ஏற்றலாம்? பின்வரிசையிலிருந்து தொடங்கி முன்வரிசைக்கு வந்தால் நல்லது என்றே நாம் எல்லோரும் நினைப்போம். அது பிழை.

ஜேசன் ஸ்ரெஃபென் என்பவர் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வுகூடத்தில் வேலை செய்த வானியல் விஞ்ஞானி. நட்சத்திரங்களை ஆராய்கிறவருக்கு விமான வாசலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காத்திருக்கும்போது சலிப்பு எல்லோருக்கும் பொதுவானது. அவர் கணனியில் இதைக் கணக்கிட்டு 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விமானம் தாமதிப்பதற்குக் காரணம் ஆட்கள் நடப்பதல்ல, நடைபாதையில் நின்று பெட்டியைத் தட்டில் ஏற்றுவது. பின்வரிசை ஆட்கள் முப்பது பேரை ஒன்றாக அனுப்பினால், அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் நெருக்கியடிப்பார்கள். ஒருவர் பெட்டியைத் தூக்க, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே அடுப்படியில் ஆறு பேர் சமைக்கப் போனால் என்ன நடக்குமோ அதுதான் அங்கும் நடக்கும். வெளியே நின்ற வரிசை உள்ளே போய் நிற்கிறது, அவ்வளவே.

அவர் சொன்ன வழி வேறு. முதலில் யன்னலோர ஆசனக்காரர். அவர்களிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பின்னாலிருந்து முன்னுக்கு. அப்போது ஒவ்வொருவருக்கும் பெட்டி தூக்க இரண்டு வரிசை அகலத்துக்கு இடமிருக்கும். பலர் ஒரே நேரத்தில் பெட்டிகளை வைத்துவிட்டு இருந்துவிடலாம். பின்னர் நடு ஆசனம், கடைசியில் நடைபாதையோர ஆசனம். 2011இல் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். விமானத்தின் உட்புறம்போல அமைத்த ஒரு கூடத்தில் 12 வரிசை, 72 பேர், கையில் பெட்டிகள். பகுதி பகுதியாக ஏற்றியபோது 6 நிமிடம் 54 செக்கன் எடுத்தது. ஒழுங்கே இல்லாமல் ஏறச் சொன்னபோது 4 நிமிடம் 44 செக்கன். யன்னல், நடு, ஓரம் என்று ஏற்றியபோது 4 நிமிடம் 13 செக்கன். அவருடைய முறையில் 3 நிமிடம் 36 செக்கன் மட்டுமே.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது, ஒழுங்கில்லாத ஏற்றமே கம்பனிகள் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்த ஒழுங்கைவிட விரைவாக முடிந்தது என்பதாகும்.

அப்படியாயின் ஸ்ரெஃபெனின் முறையை ஏன் அப்படியே கைக்கொள்ளவில்லை? ஒரு காரணம் நியாயமானது. அந்த முறையில் தாயும் பிள்ளையும் தனித்தனி நேரத்தில் ஏற வேண்டிவரும். யார்தான் சம்மதிப்பார்? யுனைற்றெட் கம்பனி 2023 ஒக்டோபர் 26ஆம் திகதி முதல் யன்னல், நடு, ஓரம் என்ற இலகுவான முறையைக் கொண்டுவந்தது. ஒரே ரிக்கற்றில் பதிவான குடும்பம் சேர்ந்தே ஏறலாம் என்றும் விதித்தது. ஒரு பறப்புக்கு இரண்டு நிமிடம்வரை மிச்சம் என்றார்கள். ஆனால் அங்கேயும் முதல் இரண்டு குழுக்களை முன்வகுப்பினருக்கும் அடிக்கடி பறக்கும் அங்கத்தவர்களுக்குமே ஒதுக்கினார்கள். இதுதான் இரண்டாவது காரணம். முன்னே ஏறுவது ஒரு பரிசாகவும் ஒரு பண்டமாகவும் ஆகிவிட்டது. பரிசைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் விரைவைப் பற்றி யோசிக்கிறார்கள்.

2020இல் கொறோனாத் தொற்றுப் பரவியபோது, பிரயாணிகள் ஒருவரையொருவர் கடந்து போவதைக் குறைப்பதற்காக டெல்ரா, யுனைற்றெட் முதலிய கம்பனிகள் பின்வரிசையிலிருந்து ஏற்றத் தொடங்கின. பல வருடங்களாக மாற்ற முடியாததுபோலத் தோன்றிய வரிசை சில நாட்களில் மாறியது. தொற்றுத் தணிந்தபின் பழைய வரிசை திரும்பி வந்தது.

தட்டில் இடம் பிடித்தல்

ஆசனம் நிச்சயம். பின் ஏன் இந்த அவசரம்? விடை தலைக்கு மேலே இருக்கிறது. 2008 யூன் 15ஆம் திகதி முதல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனி, உள்நாட்டுப் பிரயாணத்தில் ஒப்படைக்கும் முதலாவது பெட்டிக்கே 15 டொலர் அறவிடத் தொடங்கியது. எரிபொருள் விலை ஏறிய காலம் அது. மற்றக் கம்பனிகளும் பின்தொடர்ந்தன. மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார்கள். எல்லோருடைய பெட்டிக்கும் மேல்தட்டில் இடம் போதாது. ஆகவே முந்தி ஏறினவருக்குத் தட்டு, பிந்தி ஏறினவருக்கு ஏமாற்றம். இந்த இடத்தில்தான் முந்தி ஏறும் உரிமையை விற்கத் தொடங்கினார்கள். தட்டுப்பாட்டை உண்டாக்கியவரே அதற்கு மருந்தையும் விற்பது வியாபாரத்தில் புதிதல்ல. ஐரோப்பாவில் றயன்எயர் இதை ஒளிக்காமலே செய்கிறது. 2018 நவம்பர் முதல், முந்தி ஏறக் காசு கட்டாதவர் ஆசனத்தின் கீழ் வைக்கத்தக்க ஒரு சிறு பையைத்தான் கட்டணமின்றி உள்ளே கொண்டுபோகலாம்.

தன் முறைக்கு முன்பே வாசலை மொய்ப்பவர்களுக்கு அமெரிக்கர் "வாசல் பேன்கள்" என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கடுமையான பெயர்தான். அமெரிக்கன் எயர்லைன்ஸ் 2024இல் இதற்கு ஓர் இயந்திர வழி கண்டது. மூன்று விமான நிலையங்களில் பரீட்சித்தபின், நவம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அதை விரித்தது. ஐந்தாம் குழுக்காரர் மூன்றாம் குழுவோடு போய்ச் சீட்டைக் காட்டினால் இயந்திரம் சத்தமிடும். ஊழியர் அவரைத் திருப்பி அனுப்புவார். முன்பு அந்தத் தீர்மானம் ஊழியரின் முகதாட்சண்யத்தில் தங்கியிருந்தது. அந்தக் கம்பனிக்கு ஒன்பது குழுக்கள்!

நீங்கள் இதற்குக் காசு கட்ட வேண்டுமா? பெரிய பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுத் தோள்பையோடு மாத்திரம் போவீர்களானால், என் அபிப்பிராயத்தில் வேண்டாம். வாசலிலிருந்து பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குக் கொண்டுபோகும் நிலையங்களில் அது இன்னும் வீண். பஸ்ஸில் முதல் ஏறியவர் உள்ளே தள்ளப்பட்டு, கடைசியாக இறங்குவார். தட்டில் இடமில்லையென்று உங்கள் கைப்பெட்டியை வாசலில் வாங்கி விமானத்தின் அடியில் போட நேர்ந்தால், மருந்து, கடவுச்சீட்டு, நகை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்கையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அது அடிப்பகுதியில் போகக் கூடாது.

காசின்றி முதலில் ஏறுபவர்

எல்லாக் குழுக்களுக்கும் முன்னால் ஓர் அழைப்பு உண்டு. அங்கவீனர், நோயாளர், ஆசனத்துக்குப் போய் அமர மேலதிக நேரம் தேவைப்படுவோர் ஆகியோருக்கான அழைப்பு அது. அமெரிக்காவில் இது கம்பனியின் தயவல்ல, சட்டம். அங்கவீனம் காரணமாகத் தமக்கு நேரம் வேண்டுமென்று வாசலில் தெரிவிப்பவரை முன்கூட்டியே ஏற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2006ஆம் ஆண்டின் 1107ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, நடமாடச் சிரமப்படுவோருக்கு விமான நிலையத்தில் உதவி இலவசம். ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ரிக்கற் போடும்போதே சொல்லிவிடுவது மேல்.

எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு விடயம் இருக்கிறது. சக்கர நாற்காலி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. விமானக் கம்பனிகள் எங்கும் பயன்படுத்தும் குறியீடுகள் உள. படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், ஆனால் நிலையத்தின் நீண்ட தூரத்தை நடக்க மாட்டார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற மாட்டார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். ஆசனம்வரை கொண்டுபோய் இருத்த வேண்டியவர் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. அம்மாவுக்கு முழங்கால் படி ஏற விடாது என்று தெரிந்தும் முதலாவது குறியீட்டைப் போட்டுவிட்டால், விமானம் ஏணிப்படியில் நிற்கும் இடத்தில் அவர் அந்தரப்படுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் நன்றாக நடக்கக்கூடியவராயிருந்தும், முதலில் ஏறுவதற்காக நாற்காலி கேட்கிறார்கள். ஏறும்போது இருபது நாற்காலி, இறங்கும்போது மூன்று. இப்படியான பறப்புகளுக்கு அமெரிக்காவில் "அற்புதப் பறப்பு" என்று கேலியாகப் பெயர். நம்மவரிலும் இது இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலம் தெரியாத, தனியே போகும் தாய் நாற்காலி கேட்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவருக்குப் பயம் கால்களில் அல்ல, அறிவிப்புப் பலகைகளில். அத்தகையவருக்கென்றே வேறொரு குறியீடு உண்டு: எம்.ஏ.ஏ.எஸ். ஊழியர் ஒருவர் சந்தித்து, வழிகாட்டி, வாசல்வரை கூட்டிச் செல்வார். பல கம்பனிகளில் இதைக் கேட்கலாம். சிலவற்றில் கட்டணம் இருக்கக்கூடும். இதைக் கேட்டால், தள்ளுவதற்கு ஆளுள்ள நாற்காலி ஒன்று நடக்கவே முடியாத இன்னொருவருக்கு மிஞ்சும். நாற்காலிகளும் ஆட்களும் எந்த நிலையத்திலும் எண்ணிக்கைக்கு உட்பட்டவைதாம்.

முதலில் ஏறிய நாற்காலிக்காரர் இறங்கும்போது பெரும்பாலும் கடைசி. ஊழியர் வரும்வரை ஆசனத்திலேயே இருக்க வேண்டும். ஆதலால் டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாற வேண்டிய பெற்றோருக்கு ஒரு மணி நேர இடைவெளி உள்ள ரிக்கற்றை மலிவென்று வாங்காதீர்கள். வெளியே காத்து நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், மற்றவர்கள் எல்லோரும் வந்தபிறகுதான் அம்மா வருவா என்று.