பெர்த்திலிருந்து மெல்பர்ன்: வீட்டோடு வீடு மாறலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஆறு வருடமாகப் பெர்த்தில் குடியிருக்கிறோம். அவருக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும். சாமான் அனுப்ப லாரிக் கம்பெனிகள் கேட்கும் பணத்தைப் பார்த்தவர், பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார். வீட்டுச் சாமான் முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டு நாமே ஓட்டிப் போய், அங்கே வண்டியை விற்றுவிடுவது அவர் யோசனை. பதினெட்டு வருடப் பழைய வண்டி ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறார். நான்கு நாள் போதுமாம். நாங்கள் இருவரும் இதுவரை கூடாரத்தில்கூடத் தங்கியதில்லை. எனக்கு லைசென்ஸ் உண்டு. சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. வாஷிங் மெஷின், கிரைண்டர், புத்தகங்கள், தொட்டியில் நான் வளர்த்த கறிவேப்பிலைச் செடி எல்லாமே கூட வரவேண்டும். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. போகலாமா?
(பெயர் வேண்டாம், பெர்த்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கணவர் போட்டிருக்கும் திட்டப்படி போக வேண்டாம். மோட்டார்ஹோம் என்பது ஏற்கெனவே ஒரு வீட்டைச் சுமந்துகொண்டிருக்கும் வண்டி. அதன்மேல் இன்னொரு வீட்டை ஏற்ற முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் தகட்டில் அதிகபட்ச மொத்த எடை பொறித்திருக்கும். அது 4,490 கிலோ, வெறும் வண்டி 3,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 590. நீங்கள் இருவரும் 140 கிலோ. தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர் என்றால் 120 கிலோ. டீசல் ஒரு 60, கேஸ் சிலிண்டர் ஒரு 20. இப்போது கையில் இருப்பது 250 கிலோ. படுக்கை, போர்வை, பாத்திரம், அரிசி பருப்பு, துணிமணி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் வைத்தால் 150 போய்விடும். மீதி 100 கிலோவில் வாஷிங் மெஷின் ஒன்றே 70-ஐ எடுத்துக்கொள்ளும். புத்தகங்களை எங்கே வைப்பீர்கள்?

எடை கூடினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் பின்சக்கரத்துக்கு அப்பால் உடம்பு நீண்டிருக்கும். அந்தக் கடைசியில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொடுக்கும். ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும், பழைய டயர் சூடேறி வெடிக்கும். அதற்குமேல், அனுமதித்த எடையைத் தாண்டி ஓட்டியது இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க ஒரு காரணமாகிவிடும். புறப்படுவதற்கு முன் எல்லாம் ஏற்றிய வண்டியைப் பொது எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை போடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

சாமான்களை ரயிலில் போகும் கன்டெய்னரில் அனுப்பிவிடுங்கள். பெர்த்துக்கும் கிழக்குக் கரைக்கும் இடையே சரக்கு ரயில் ஓடுகிறது. முழுக் கன்டெய்னரும் வேண்டாம். கன்டெய்னரில் பாதி இடம், கால் இடம் என்று கேட்டால் தருபவர்கள் இருக்கிறார்கள். புத்தகமும் மெஷினும் அதில் போகட்டும். கிரைண்டரையும் அதிலேயே அனுப்புங்கள். பத்து நாள் இட்லி மாவு இல்லாமல் இருக்கலாம்.

கறிவேப்பிலைச் செடியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. முறையான சான்று இல்லாமல் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. கிழக்கு நோக்கிப் போகிறவர்களை செடூனா ஊரில் நிறுத்தி வண்டியைச் சோதிப்பார்கள். பழ ஈயைத் தடுப்பதற்காகப் பழம், பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். ஒளித்து வைத்தால் அபராதம். தென் ஆஸ்திரேலியாவின் தோட்டக்காரர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது, ஆகவே மனமாரக் கொடுத்துவிடுங்கள். செடியைப் பெர்த்திலேயே நல்ல கையில் ஒப்படையுங்கள். காய்கறியை செடூனாவுக்கு முந்தின நாளே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. சுற்றுப்பாதை எதிலும் இறங்காமல் போனாலே சுமார் 3,400 கிலோமீட்டர். நான்கு நாள் என்றால் தினமும் 850. மணிக்கு 90 போனாலும் ஒன்பதரை மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் அந்த 90-ம் வராது, டீசலும் மளமளவென்று இறங்கும். கூடவே கடிகாரமும் உங்களுக்கு எதிராக ஓடும். மாநில எல்லையை ஒட்டிய யூக்ளா பக்கத்தில் ஊர்க்காரர்கள் தனி நேரம் வைத்திருக்கிறார்கள், பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னே. எல்லை தாண்டினால் இன்னும் 45, விக்டோரியாவில் நுழைந்தால் இன்னும் 30. மொத்தத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகஸ்டில் யூக்ளாவில் உள்ளூர் நேரம் ஐந்தரையைச் சுற்றியே சூரியன் மறைந்துவிடும். ஆகவே நான்கு நாள் திட்டம் என்றால் இருட்டில் ஓட்டியே ஆக வேண்டும்.

அங்கேதான் ஆபத்து. கங்காருக்கள் வெயில் தாழ்ந்ததும் சாலையோரம் மேய வருகின்றன. நானும் என் மனைவியும் முதல்முறை போனபோது, அடுத்த ரோட்ஹவுஸ் (சாலையோர விடுதி) இருபது கிலோமீட்டர்தானே என்று இருள் கவியும் நேரத்தில் ஓட்டினேன். ஒன்று குறுக்கே பாய்ந்தது. ரேடியேட்டர் போனது. போனில் சிக்னல் இல்லை. குளிரில் இரவு முழுவதும் சாலையோரம் கிடந்தோம். அடிபட்ட அந்தப் பிராணி உடனே சாகவும் இல்லை. என் மனைவி இன்றுவரை அந்த இரவைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அதிலிருந்து மாலை நான்கு மணிக்கு மேல் நான் வண்டியை எடுப்பதே இல்லை. உங்களுக்கும் அதையே கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கணவரை இரண்டு வார அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் சதர்ன் கிராஸ், மறுநாள் கூல்கார்டி வழியாக நார்ஸ்மன். அங்கே தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ரோட்ஹவுஸ்களில் தொட்டி நிரப்பத் தண்ணீர் கேட்கக் கூடாது. அவர்களுக்கே அது அரிது. டீசலைப் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நார்ஸ்மனிலிருந்து பலடோனியா சுமார் 190 கிலோமீட்டர், நடுவே ஒரு கடைகூடக் கிடையாது. 1979-ல் ஸ்கைலாப் விண்கலம் உடைந்து விழுந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பலடோனியா ரோட்ஹவுஸில் அதைப் பற்றிய சிறு காட்சியகம் உண்டு, இறங்கிப் பாருங்கள். அதைத் தாண்டினால் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. கண்ணைச் சொக்க வைப்பது அந்த நேர்கோடுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

ஆம், நீங்களும் ஓட்டத்தான் வேண்டும். மொத்த எடை 4.5 டன் வரைக்கும் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். இரண்டு டிரெய்லர் இழுத்துக்கொண்டு 36.5 மீட்டர் நீளத்துக்கு ரோட் டிரெயின்கள் வரும். அவை கடக்கும்போது காற்று உங்கள் வண்டியை முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். ஸ்டீயரிங்கை இரு கையாலும் நிதானமாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். பதறிப் பிரேக் அடிக்காதீர்கள். யூஹெச்எஃப் ரேடியோ ஒன்று வாங்கி 40-ஆம் சேனலில் வையுங்கள். லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது அதில்தான், கேட்டால் உதவியும் செய்வார்கள். சாலையிலேயே விமான ஓடுபாதைக் கோடு வரைந்த இடங்கள் வரும். பறக்கும் மருத்துவர்களின் விமானம் இறங்கும் இடம் அது. அங்கே நிறுத்தக் கூடாது.

யூக்ளா தாண்டிய பிறகு ஒரு நாளை முழுதாக நல்லர்பார் ரோட்ஹவுஸுக்கு ஒதுக்குங்கள். பக்கத்திலேயே ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோரம். ஆகஸ்டில் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரையை ஒட்டிக் கிடக்கும். நான்கு நாளில் ஓடுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது.

வண்டி விஷயம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவுள்ள வண்டியைச் சோதனைச் சான்று இல்லாமலே கைமாற்றலாம். ஆகவே உங்கள் செலவில் மெக்கானிக் ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிமேல் கடன் பாக்கி உண்டா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய மோட்டார்ஹோம் வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும், அதனால் டயரில் கட்டை அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் செத்திருக்கும். எண் பழையது என்றால் பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். மெல்பர்னில் விற்கும் முன் விக்டோரியாவில் மறுபதிவு செய்ய வேண்டியிருந்தால், அங்கே தகுதிச் சான்று கேட்பார்கள். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். எல்லாம் கூட்டிய பிறகு வாடகை வண்டியே மலிவு என்று தெரிந்தாலும் தெரியலாம். அப்படியானால் சந்தோஷமாக வாடகைக்கு எடுங்கள்.

வண்டியின் உயரத்தைச் சீட்டில் எழுதி ஸ்டீயரிங் எதிரே ஒட்டுங்கள். புறப்படும்போது கேஸை மூடுங்கள், அலமாரிக் கதவுகளைப் பூட்டுங்கள். ஓடும் வண்டியில் எழுந்து டீ போடக் கூடாது.

இந்த வண்டியோ வாடகை வண்டியோ, ஆகஸ்டுக்கு முன் ஒரு வார இறுதியில் யார்க் ஊருக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். நூறு கிலோமீட்டர்தான். தண்ணீர் பிடிப்பது, கழிப்பறைப் பெட்டியைக் கழிவு கொட்டும் இடத்தில் காலி செய்வது, ஒருவர் இறங்கிக் கைகாட்ட இன்னொருவர் பின்னால் எடுப்பது எல்லாவற்றையும் இருவரும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள். கிரீன்மவுண்ட் இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறக்குங்கள். அது கைக்குப் பழகிவிட்டால், மெல்பர்ன் போகும் வழியில் சமவெளிக்கு இறங்கும் மடூரா கணவாயில் உங்களுக்குப் பயமிருக்காது.