முள் போகாவிட்டாலும் சமாதானம்

காலையில் நல்லாத்தான் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வருகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய், "உங்க விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அது சரியா?

திருநெல்வேலிச் சீமையிலே, டோனாவூரில், கோயிலுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளை மீட்டு வளர்த்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931 அக்டோபர் 24 காலையில் தம்மை முழுவதும் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்து ஜெபித்தார். அன்று மாலையே களக்காட்டில், மங்கின வெளிச்சத்தில், வெட்டியிருந்த குழி தெரியாமல் விழுந்தார். கால் முறிந்தது. வயது 63. 1951 ஜனவரி 18-ல் கர்த்தரிடத்தில் சேரும்வரை பெரும்பாலும் படுக்கைதான். ஏறக்குறைய 20 வருஷம்! விசுவாசம் இல்லாதவரா அவர்?

அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். 1933-ல் வந்த ஒன்று, வியாதியஸ்தருக்கு வியாதியஸ்தரே எழுதின கடிதங்கள். சுகமாயிருக்கிறவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல், வலியில் கிடக்கிறவர்களுக்கு எட்டுவதில்லை என்று அவர் அனுபவத்தில் கண்டார்.

பவுலும் மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபை வந்தது (2 கொரி. 12:7-9). நம் தேவன் சுகந்தருகிறவர், ஆமென். ஆனால் வலி தீர்ந்த பிறகுதான் சமாதானம் வரும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? உபத்திரவம் உண்டு என்று சொன்ன அதே வசனத்தில்தானே இயேசு சமாதானத்தையும் சொன்னார் (யோவா. 16:33)!

இந்த வாரம் வீட்டு ஜெபத்தில் யோபு 2:11-13 வாசியுங்கள். அந்தச் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையிலே கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.