ஜாக்கி தூக்கும், தாங்காது



புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. சரக்கு ஏற்றிய வண்டி பஞ்சராகி நிற்கும். பின்னால் வருபவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். கடைச் சிப்பந்தி அவசரமாக ஜாக்கி வைத்துத் தூக்குவார். கழற்றிய நட்டு உருண்டு ஓடினால், அதை எடுக்க வண்டிக்கடியில் தலையை நுழைப்பார். 10 நிமிட வேலைதானே என்று நாமும் கல்லாவில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் லிப்ட் உண்டு, பழகிய மெக்கானிக் உண்டு. நம் குடோன் வாசலில் இரண்டும் இல்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை நாமும் அறிந்து, நம்மிடம் வேலை செய்வோருக்கும் சொல்லித்தருவது அவசியம்.

1. ஜாக்கி

ஜாக்கி வண்டியைத் தூக்கும் கருவி மட்டுமே. தாங்கி நிற்கும் கருவி அன்று. 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வண்டி 2005-இல் வந்தபோது, முழுச் சுமையுடன் அதன் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். அதில் பாதி நாம் ஏற்றும் சரக்கு. எனவே முதல் வேலை சரக்கை இறக்குவது.

பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். நம் ஊர் கடலோர மணல் நிலம். மண் தரையில் ஜாக்கி புதையும். அடியில் கனமான பலகை வைக்க வேண்டும். உப்புக்காற்றில் வண்டியின் அடித்தகடு துருப்பிடித்திருக்கலாம். கம்பெனி குறித்துள்ள இடத்தில் மட்டுமே ஜாக்கி கொடுக்க வேண்டும்.

வண்டிக்கடியில் போகவேண்டிய வேலை என்றால் ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். அவற்றை நம்பக் கூடாது.

2. பேட்டரி

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாறிச் செய்தால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

3. புகையும் பெட்ரோலும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே என்ஜினை ஓடவிடுவது பெரும் ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வந்தபின்தான் தெரியும்.

பெட்ரோலில் உதிரிபாகம் கழுவும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். மாலையில் கடைக்குள் காட்டும் சாம்பிராணி நெருப்பு அதற்குப் போதும்.

4. நம் பொறுப்பு

உதிரிபாகம் விற்கும் நம் உறுப்பினர்கள் ஜாக்கியை விற்கும்போது, எத்தனை டன் தாங்கும் என்பதைச் சொல்லி, ஸ்டாண்டும் வாங்கச் சொல்ல வேண்டும். இதை வெறும் வியாபாரமாக எண்ண வேண்டாம். வண்டி வைத்திருப்போர், யார் ஜாக்கி வைக்கலாம் என்று ஒருவரைப் பழக்கி வைக்க வேண்டும். சிறுவர்களை இவ்வேலையில் விடவே கூடாது.

சிப்பந்தி அவசரப்படுவது பெரும்பாலும் நம் அவசரத்தால்தான். சரக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் வாடிக்கையாளரிடம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வண்டிக்கடியில் சிக்கியவரின் வீட்டாரிடம் நாம் என்ன சொல்வோம்?