வாக்குச்சீட்டை நம்பிய சோஷலிஸ்டுகள்

கேள்வி: புரட்சியை நாடாத சோஷலிஸ்டுகள் எவ்வாறு தோன்றினார்கள்?

பதில்: 1875-இல் கோத்தா நகரில் சோஷலிஸ்டுத் தலைவர் லஸ்ஸாலைப் பின்பற்றியவர்களும் மற்றொரு சோஷலிஸ்டுத் தலைவரான பேபெலின் கட்சியினரும் ஒன்றுகூடி அமைத்த ஜெர்மானிய சோஷலிஸ்டுத் தொழிலாளர் கட்சியை, ஜெர்மானியச் சான்ஸலர் பிஸ்மார்க் 1878-இல் விசேஷச் சட்டம் இயற்றி ஒடுக்க முற்பட்டார். சங்கங்களும் பத்திரிகைகளும் தடை செய்யப்பட்ட போதிலும் தேர்தலில் நிற்பதற்கு மாத்திரம் தடையில்லாதிருந்தமையால், ஜூரிச்சில் அச்சாகி எல்லையில் காவலரின் கண்ணுக்குத் தப்பி வந்த வாரப் பத்திரிகையை இரகசியமாய் வாசித்து வந்த தொழிலாளர்கள், வாக்குச்சீட்டையே ஆயுதமாகக் கொண்டு 1890-இல் அக்கட்சிக்கு 14 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை அளித்தார்கள். எத்தகைய தைரியம் அது!

அப்பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்து, பின்னர் லண்டனில் பல்லாண்டுகள் வசிக்க நேர்ந்த எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், முதலாளித்துவம் தானாகவே சரிந்து வீழும் என்ற நம்பிக்கையைக் கைவிட்டு, பாராளுமன்றம், தொழிற்சங்கம், கூட்டுறவு ஆகியவற்றின் வாயிலாகப் படிப்படியாகவே சமத்துவம் கைகூடும் என்று 1899-இல் ஒரு நூலில் வாதித்தார். கட்சியின் புரட்சிவாதியான ரோஸா லக்ஸம்பர்க் அதைக் கடுமையாக மறுத்தார். 1903-இல் கட்சியின் டிரெஸ்டன் மகாநாடும் அக்கருத்தைக் கண்டித்தது. ஆயினும் கட்சி நடைமுறையில் சென்றது பெர்ன்ஸ்டைன் காட்டிய மார்க்கத்திலேதான் என்பது என் துணிபு. 1959-இல் அக்கட்சியின் கோடெஸ்பெர்க் மகாநாடு, சந்தைப் போட்டிக்கும் அரசாங்கத் திட்டமிடலுக்கும் ஒருங்கே இடமளித்த புதிய வேலைத்திட்டத்தைப் பகிரங்கமாகவே ஏற்றுக்கொண்டது.