சங்கத்துக் கலப்பை: உழும் முறையும் காக்கும் முறையும்



சென்ற ஆண்டு சித்திரை மாதம், கள்ளக்குறிச்சி வட்டாரத்திலுள்ள ஒரு சங்கத்திற்கு நாம் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தோம். கணக்குப் புத்தகங்கள் யாவும் ஒழுங்காயிருந்தன. சொத்துப் பட்டியலில் "டிராக்டரில் மாட்டும் மூன்று சட்டிக் கலப்பை, 1" என்ற பதிவும், அதன்மேல் ஆண்டுதோறும் கழித்துவந்த தேய்மானமும் பிசகின்றி எழுதப்பட்டிருந்தன. கலப்பையைக் காட்டுமாறு கேட்டோம். கிடங்கின் பின்புறம் புளியமரத்தடியில், சருகு மூடிக் கிடந்தது அது. நடுச் சட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் தேய்ந்திருந்தது. உள்ளே பேரிங் இறுகிப்போய், சட்டி சுழலாமலே பல நாள் மண்ணில் இழுபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கோடை மழை பெய்து நான்கு நாட்களாகியிருந்தன. உழவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமுடைய மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்து, "ஏட்டுல கலப்பை இருக்குதுங்க ஐயா, காட்டுல இல்லீங்களே!" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. புதுப் பேரிங் வந்து கலப்பை புறப்பட ஒன்பது நாட்களாயின. அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. வசதியுள்ளோர் வெளியில் அதிக வாடகை கொடுத்து உழுதுகொண்டனர். அம்மூதாட்டி அடுத்த மழைக்குக் காத்திருந்தார்.

அந்த ஒன்பது நாட்களின் நஷ்டம் எவ்வளவு? ஓர் ஓட்டத்தில் 60 சென்டிமீட்டர் அகலம், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்று கொள்வோம். திரும்புவதற்கும் நிற்பதற்கும் கால்பங்கு நேரத்தைத் தள்ளினால், மணிக்கு அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவே உழ முடியும். நாளொன்றுக்கு 8 மணி நேரத்தில் சுமார் மூன்றரை ஏக்கர். ஆகவே ஒன்பது நாட்களில் முப்பது ஏக்கருக்கு மேல் உழவு தவறியது. வேளாவேளைக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்காததன் விலை இது.

கலப்பை டிராக்டரோடு இணைந்த வரலாறு

முற்காலத்தில் டிராக்டரின் பின்னே கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்தனர். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர்மேல் கவிழ்ந்துவிடும். அயர்லாந்து நாட்டவரான ஹாரி ஃபெர்குசன் என்பார் 1917-இல் அந்நாட்டு அரசாங்கத்தின் பொருட்டு டிராக்டர்களின் வேலையைப் பார்வையிட்டபோது இக்குறையை உணர்ந்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை, தூக்கி இறக்க ஹைட்ராலிக் விசை என்னும் அமைப்பை அவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். 1936-இல் இவ்வமைப்புள்ள டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. இன்று நம் கிராமங்களில் ஓடும் டிராக்டர்களில் நாம் காணும் முப்புள்ளி இணைப்பு அவ்வழி வந்ததேயாம். ஆதலால் முப்பது ஆண்டுக்கு முன் வாங்கிய கலப்பையையும் இன்றைய டிராக்டரில் மாட்ட முடிகிறது. கலப்பை பழையது என்பதால் பயனற்றதன்று, கவனிப்பாரற்றதே பயனற்றது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. சிறிய டிராக்டருக்கான பழைய கலப்பைகளில் கீழ்க்கை முளை 22 மில்லிமீட்டர், மேல்கை முளை 19 மில்லிமீட்டர் கனமுடையது. பெரிய டிராக்டரின் துவாரங்கள் முறையே 28, 25 மில்லிமீட்டர் முளைகளுக்கு ஏற்றவை. இடையில் தகுந்த புஷ் போடாமல் மாட்டினால் ஆட்டம் கண்டு, முளையும் துவாரமும் தேயும்.

2. முளை கழலாதிருக்க உரிய பூட்டுப் பின்னையே போடவேண்டும். ஆணியும் கம்பியும் அதற்கு ஈடாகா.

3. வலப்பக்கச் சக்கரம் சாலில் ஓடுவதால், வலது தூக்குக் கையின் திருகைச் சுற்றிக் கலப்பையின் சட்டத்தைப் பக்கவாட்டில் சமமாக்க வேண்டும். முன்பின் சமத்தை டாப் லிங்கைக் கூட்டியும் குறைத்தும் பெறலாம்.

4. சட்டிக் கலப்பை தன் பாரத்தினாலேயே மண்ணில் இறங்குவது. இறங்க மறுத்தால், முதலில் சட்டியின் கூரையும் சட்டத்தின் சமத்தையும் பாருங்கள். ஆளை ஏற்றி நிறுத்திப் பாரம் சேர்ப்பது உயிருக்கு ஆபத்து.

5. பின்னாலுள்ள வால் சக்கரம் சட்டிகளின் பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்குவது. அது தளர்ந்தால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும்.

உழும்போது

உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழவுக்குப் பதம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் காயவேண்டும். ஈரம் மிகுந்த கரிசலில் உழுதால் கட்டி எழும்பும். சட்டியிலும் மண் அப்பும். அப்பும் மண்ணைச் சுரண்டும் தகடு ஒவ்வொரு சட்டிக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வரப்போரம் திரும்புமுன் கலப்பையைத் தூக்கிவிட வேண்டும். கலப்பை மண்ணில் இருக்கையில் டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது. தூக்கிய கலப்பையின் கீழ் எவரும் கை நீட்டலாகாது. வண்டியை நிறுத்தினால் கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

கல்வராயன் மலையிலுள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவு நிலங்களில், மேலிருந்து கீழாக உழும் ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும். மேல்மண் கோமுகி, மணிமுத்தா ஆறுகளில் இறங்கிச் சமவெளியின் அணைகளில் படியும். மலையார் மண்ணை இழக்க, கீழுள்ளார் நீர் தேங்கும் இடத்தை இழப்பர். ஆகையால் சரிவுக்குக் குறுக்காகவே உழவேண்டும். டிராக்டர் பக்கவாட்டில் சாயும் அளவுக்குச் சரிவு கூடிய இடத்தை எருதுகளுக்கே விட்டுவிடுவது அறிவுடைமை.

வேலை முடிந்தபின்

தறியை விட்டு எழும் நெசவாளர், நாடாவையும் கட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே எழுவார். உழவரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

நாள்தோறும் மண்ணை வழித்துத் துடையுங்கள். கிரீஸ் நிப்பிளைத் துடைத்தபின்பே கிரீஸ் கன்னை வையுங்கள். இல்லையேல் கிரீஸோடு மண்ணும் உள்ளே புகும். ஒவ்வொரு சட்டியையும் கையுறையிட்ட கையால் சுழற்றிப் பாருங்கள். பிறகு இரு விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுழலாவிடில் பேரிங் இறுகிற்று; ஆடினால் பேரிங் தளர்ந்தது. போல்ட்டு, நட்டுகளை முடுக்குங்கள். பழைய கலப்பைகளில் அங்குல அளவுப் போல்ட்டுகள் இருக்கக்கூடும். அவற்றில் மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முடுக்கினால் புரி அழியும்.

பருவம் முடிந்ததும் கழுவி, உலர்த்தி, மண் படும் பரப்பில் எண்ணெய் பூசிப் பலகைமேல் கூரையின்கீழ் வையுங்கள். மாசி, பங்குனி மாதங்களிலேயே கொல்லரையோ மெக்கானிக்கையோ அழைத்துப் பழுது பாருங்கள். மழை வந்தபின் அழைத்தால், எல்லோரும் அவரையே அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கத்தின் கடமை

தனி ஒருவரின் கலப்பைக்குச் சொந்தக்காரர் கண் காவல். எல்லோருக்கும் சொந்தமான கலப்பைக்கு ஏடு காவலாக வேண்டும். அவ்வேடு கிடங்கில் கிடக்காமல் கலப்பையுடனேயே செல்ல வேண்டும். தேதி, அங்கத்தினர் பெயர், உழுத பரப்பு, ஓடிய மணி, டீசல், கிரீஸ் வைத்த நேரம், கண்ட பழுது ஆகியவற்றை ஓட்டுநர் அன்றன்று எழுதி, உழுவித்த அங்கத்தினரிடம் கையொப்பம் பெறுதல் நலம். வாடகையில் ஒரு பங்கைப் பழுது நிதியாகத் தனியே ஒதுக்கி, பேரிங், முளை, நிப்பிள், போல்ட்டு ஆகியவற்றை முன்னரே வாங்கி வைக்கவேண்டும். ஏட்டில் கழிக்கும் தேய்மானம் கலப்பைக்கு ஒரு போல்ட்டையும் வாங்கித் தராது.

நாம் கூறிய சங்கம் இவ்வாண்டு இவ்வேட்டைத் தொடங்கியுள்ளது. பங்குனியில் சென்று பார்த்தோம். கலப்பை கூரையின்கீழ் இருந்தது. நடுச் சட்டியை ஒரு விரலால் தள்ளினோம், சுழன்றது.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்கான வினாக்கள்

1. நம் சங்கத்துக் கலப்பை இப்போது எங்கே இருக்கிறது? இறுதியாக அதைப் பார்த்தவர் யார்?

2. சட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதால் அறியத்தக்கது யாது?

3. முதல் மழைக்குப்பின் நம் வரிசையில் கடைசியாக நிற்பவர் யார்? அவரது நிலத்தில் ஈரம் காயுமுன் உழ நாம் செய்யவேண்டுவது என்ன?